கேஸ்: ஒரு சொல்லும் எட்டு வேற்றுமையும்

நம்ம சேரிக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்து குடியேறிவிட்ட இங்கிலீஷ் சொற்கள் நிறைய. பஸ், லோன், ரேஷன், டாக்டர். இவற்றால் தொந்தரவு கிடையாது. பஸ் என்றால் பஸ்தான். ஆனால் ‘கேஸ்’ என்கிற இரண்டெழுத்து அப்படிப்பட்டதல்ல. வடமதுரை பஸ் ஸ்டாண்டில் காலையில் ஒரு மணி நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும். கடைக்காரர், ‘ரெண்டு கேஸ் கலர் எறக்கு’ என்பார். ஆட்டோவுக்கு வழி விடச் சொல்லி, ‘தள்ளுங்கப்பா, டெலிவரி கேஸு’ என்று ஒரு குரல். தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, ‘மெண்டல் கேஸு’. வெள்ளைவேட்டி கட்டி மஞ்சப்பையோடு நிற்பவரிடம் ‘என்ன மாமா, இன்னைக்குக் கேஸா?’ என்று கேட்டால், வேடசந்தூருக்கோ திண்டுக்கல்லுக்கோ வாய்தாவுக்குப் போகிறார் என்று பொருள். இதற்கு நடுவே அடுப்பு சிலிண்டர் காலியானாலும் ‘கேஸ் தீந்துபோச்சு’தான். அது வேறு இங்கிலீஷ் வார்த்தை என்பார்கள் படித்தவர்கள். நம்ம நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே சீக்கிரம் தீர்ந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறேன் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்கு உறவு கொஞ்சம் அதிகம். (நாம் எழுதிக் கொடுக்கிற காகிதத்துக்குப் பெயரே ‘மனு’ என்று இருப்பதை என்னவென்று சொல்வது? ஒரு மனுவை அம்பேத்கர் 1927 டிசம்பர் 25-இல் மகாத்தில் கொளுத்தினார். இன்னொரு மனுவைப் பத்து ரூபாய் கொடுத்து நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.)

ஒரு மனிதரைக் ‘கேஸ்’ என்று சொல்வதற்கு, சொல்கிறவர் கொஞ்சம் மேட்டில் நிற்க வேண்டும். இதை யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்துக்காரர் மயங்கி விழுந்தால் ‘அய்யாவுக்கு மேலுக்கு முடியல’. அதே தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த கூலிக்காரன் மயங்கி விழுந்தால் ‘பாய்சன் கேஸு ஒண்ணு வந்திருக்கு’. அவருக்கு உடம்பு உண்டு, நோவு உண்டு, பேர் உண்டு. இவன் ஒரு ‘ஒண்ணு’. பெண் விஷயம் என்றால் இன்னும் மோசம். ‘அது ஒரு மாதிரி கேஸு’ என்று மில் வாசலில் ஒருவன் சொன்னால் போதும். அந்தக் கேஸுக்குச் சாட்சி வேண்டாம், வாய்தா வேண்டாம். தீர்ப்புதான் முதலில், விசாரணை பிறகு, அல்லது விசாரணையே இல்லை.

இந்தச் சொல்லின் ஊரைத் தேடிப் போனால் இரண்டு வேர் கிடைக்கிறது. ஒன்று லத்தீனின் ‘காசுஸ்’. விழுதல், நேர்தல் என்று பொருள். வழக்கு, நோயாளி, சம்பவம் எல்லாம் இந்த வழி வந்தவை. இன்னொன்று ‘காப்ஸா’, அதாவது பெட்டி. சூட்கேஸும் கலர் பாட்டில் கேஸும் இதன் வாரிசுகள். வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. இங்கிலீஷ்காரன் குழம்பமாட்டான், பழக்கம். நமக்கோ குழம்புவதுதான் சரி என்று படுகிறது. ஏனென்றால் நம் அனுபவத்தில் விழுவதும் பெட்டிக்குள் அடைபடுவதும் ஒரே நாளில் நடக்கின்றன. விழுகிறோம். அது சம்பவம். ஸ்டேஷனுக்குப் போகிறோம். உடனே ஒரு பெட்டிக்குள் போட்டு நம்பர் குத்திவிடுகிறார்கள். சில்லறைக் குற்றத்துக்கான வழக்கை நம்ம ஜனங்கள் ‘பெட்டி கேஸு’ என்கிறார்கள். இங்கிலீஷில் ‘பெட்டி’ என்றால் அற்பமானது. தமிழில் பெட்டி பெட்டிதான். சந்தேகத்தின் பேரில் ராத்திரி பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒருவனிடம் கேட்டுப்பாருங்கள், எந்த மொழியின் பெட்டி என்று.

அச்சுக்கூடத்திலும் ஒரு கேஸ் இருந்தது. ஈய எழுத்துகளை வைக்கும் கட்டம் போட்ட மரத்தட்டு. மேல் தட்டில் பெரிய எழுத்து, கீழ் தட்டில் சின்ன எழுத்து. அதனால்தான் இங்கிலீஷ் எழுத்துக்கு அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்று இன்றைக்குக் கம்ப்யூட்டர் வரைக்கும் பெயர். எழுத்திலேயே மேல்தட்டு கீழ்த்தட்டு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் தமிழ் எழுத்தில் அது கிடையாது. ‘பறையன்’ என்று கோத்தாலும் ‘பார்ப்பான்’ என்று கோத்தாலும் அதே ‘ப’, அதே உயரம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே ஒரு பத்திரிகைக்குத் தலைப்பு வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். எழுத்து சமமாக இருந்தது. அதை வாசித்த ஊர்தான் அப்பர், லோயர் என்று பிரிந்து கிடந்தது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இலக்கணத்திலும் கேஸ் உண்டு. அதற்குத் தமிழில் நம் இலக்கணக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘வேற்றுமை’. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ‘விழுதல்’தான். பெயர்ச்சொல் நிமிர்ந்து நிற்கிறது, பிறகு மற்ற உருபுகளுக்கு ஏற்பச் சாய்கிறது, விழுகிறது என்று அவர்கள் கற்பனை செய்தார்கள். தமிழில் விழுவது இல்லை, வேறுபடுவது. முதல் வேற்றுமைக்கு இங்கே பெயர் எழுவாய். அங்கே விழுவதைப் பேசுகிறபோது இங்கே எழுவதைப் பேசியிருக்கிறார்கள். தொல்காப்பியம் வேற்றுமையை ஏழு என்று சொல்லி, விளியையும் சேர்த்து எட்டாக்கியது. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். வேற்றுமை என்றால் என்னவென்று வாத்தியார் கேட்டபோது, வகுப்பில் தனியாக உட்காரவைக்கப்பட்ட நம்ம பிள்ளைகளுக்கு வேறொரு பதில் மனசுக்குள் இருந்திருக்கும்.

2017-இல் நடந்தது. சாலை ஓரத்தில் நூறு நாள் வேலை. வெயில். பொதுவாக வைத்திருந்த குடத்திலிருந்து நம்ம தெருப் பெரியம்மா ஒருத்தர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டார். ஊர்த்தெருப் பெண் ஒருத்தி கத்திக்கொண்டு வந்து, சாதியைச் சொல்லித் திட்டி, குடத்துத் தண்ணீரை அப்படியே மண்ணில் கவிழ்த்தாள். நான் பெரியம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. ரைட்டர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

‘என்ன கேஸு?’

‘கேஸெல்லாம் இல்லீங்க. தண்ணி குடிச்சேன்’ என்றார் பெரியம்மா.

அன்றைக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனு வாங்கியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அது கேஸ் அல்ல. மூன்று வாரம் நடையா நடந்து, மேலே எழுதிப் போட்டு, அப்புறம்தான் எஃப்.ஐ.ஆர். வாக்குமூலம் எழுதுகிற முறை எல்லோருக்கும் தெரியும். ‘நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன்’ என்று ஆரம்பிக்கும். அந்த இரண்டு வாக்கியத்தோடு ‘நான்’ முடிந்துபோகிறது. அதற்கப்புறம் முழுக்க ‘என்னை’, ‘எனக்கு’, ‘என் மீது’. என்னைத் திட்டினார், எனக்கு மனவேதனை ஏற்படுத்தினார். நாம் முதல் வேற்றுமையில் உள்ளே போய் இரண்டாம் வேற்றுமையில் வெளியே வருகிறோம். செயப்படுபொருளாக.

2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாய்மொழிப் புகாரை எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்குவதற்கு முன் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினார்கள். பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

‘இதுல நான் தண்ணி குடிச்சது எங்க சார்?’

‘அதெல்லாம் எதுக்கும்மா? அதப் போட்டா கேஸு வீக்காயிரும். சும்மா நின்னுட்டிருந்தவள திட்டுனாங்கன்னு இருந்தாத்தான் நிக்கும்.’

‘நான் சும்மா நிக்கலீங்க. எனக்குத் தாகமா இருந்துச்சு. குடிச்சேன். அதப் போடுங்க.’

கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். ரைட்டருடைய தமிழில்: ‘நான் தாகத்திற்காகத் தண்ணீர் அருந்தினேன்.’ கெட்ட மனிதர் இல்லை அவர். கேஸ் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் நல்லெண்ணத்தோடு அவர் கட்டிய வழக்கில் ஒரு தலித் பெண் எதையும் செய்யாதவளாக இருந்தால்தான் அவளுக்கு நீதி கிடைக்கும். அவளுக்கு நடந்தது மட்டும் இருக்கலாம், அவள் செய்தது இருக்கக்கூடாது. தாகமும் இருக்கக்கூடாது.

இன்னொரு கேள்வியும் கேட்டார்: ‘எல்லார் முன்னாடியும் திட்டுனாங்களா?’ சட்டப்படி சரியான கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி இழிவுச்சொல் ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம், வெளியார் யாரும் இல்லாமல் வீட்டு நாலு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட இழிவு அந்தப் பிரிவில் வராது என்றது. வீட்டுவேலைக்குப் போகிற நம்ம பெண்கள் வாங்கிக் கட்டிக்கொள்வதெல்லாம் நாலு சுவருக்குள்தானே? அங்கே விழுதல் உண்டு, கேஸ் இல்லை. பெரியம்மாவுக்கு இந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது. அவர் கேட்டது இதுதான்: ‘நாலு பேரு பாத்தாத்தான் சுடுமாக்கும்?’

சாதியால் அடிபட்டேன் என்று சொல்லப் போனவர் முதலில் சாதிச் சான்றிதழை எடுத்து நீட்ட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பெயரால் அவமானம் நேர்ந்ததோ அதே பெயருக்குத் தாசில்தார் முத்திரை. வேறு வழியில்லை, சட்டத்துக்கு அது வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டுகிற கைக்கு ஒரு கூச்சம் உண்டு. ‘சலுகைக்கு நீட்டுறப்ப கூசலையா?’ என்று கேட்பார்கள் நண்பர்கள். கூசத்தான் செய்தது.

இதைவிடக் கசப்பான ஒன்று. அதே குடத்தை வேறொரு பட்டியல் சாதிக்காரர் கவிழ்த்திருந்தால்? நம்ம பக்கத்தில் அருந்ததியர் தெருவில் போய்க் கேளுங்கள், அப்படியும் நடந்திருக்கிறது. வன்கொடுமைச் சட்டம் குற்றவாளி பட்டியல் சாதியினராக, பழங்குடியினராக இல்லாதவராக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே அந்தச் சட்டத்தில் கேஸே கிடையாது. தலித் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிற நாம் அந்தத் தண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவோம்?

சரி, பெரியம்மாவுக்குக் கேஸ் ஆகிவிட்டது. அன்றிலிருந்தே ஆரம்பமானது அடுத்தது. ‘எதுக்குக் கேஸு? ஒரு குடம் தண்ணிதானே? ஊருக்குள்ள தாயா புள்ளையா இருக்கோம்.’ ஊர்க்காரர்கள் சொன்னது ஆச்சரியமில்லை. நம்ம ஆட்களும் சொன்னார்கள். நாளைக்குக் களையெடுக்கக் கூப்பிடமாட்டார்கள், பால் வாங்கமாட்டார்கள், நம்ம பையன்கள் மேல் எதிர்க் கேஸ் போடுவார்கள். இந்தப் பயங்களை நான் கேலி செய்யமாட்டேன். எதிர்க் கேஸ் நிஜமாகவே வரும். அடிபட்டவனும் அடித்தவனும் ஒரே வராண்டாவில் வாய்தாவுக்கு உட்காரவேண்டியிருக்கும். பிறகு ‘ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிக்கலாமே’ என்று ஒரு பெரியவர் தேநீர் வாங்கிக் கொடுப்பார். வாபஸ் வாங்கினால் சமாதானம். வாங்காவிட்டால் ‘நிவாரணப் பணத்துக்கு ஆசைப்படுது’.

தார்மீகக் கேள்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மனுஷி தனக்கு நேர்ந்ததைக் கேஸாக்க வேண்டுமா? கேஸானால் அவள் வாக்கியம் அவள் கையை விட்டுப் போகிறது. அவள் நம்பராகிறாள், அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று ஆகிறாள், வழக்கின் தலைப்பில்கூட அவள் பெயர் இருக்காது. கேஸாக்காவிட்டால்? அது அவளுடைய சொந்த வருத்தமாகச் சுருங்குகிறது. ஒரு குடம் தண்ணீராகிறது. ‘கேஸாக்காதே’ என்கிறவர்கள் கேட்பது சமாதானம் இல்லை. நீ விழுந்தது தற்செயல் என்று ஒப்புக்கொள் என்று கேட்கிறார்கள். கல் தடுக்கி விழுந்ததுபோல. தள்ளியவர் யாருமில்லை என்பதுபோல.

தண்ணீருக்காகக் கேஸ் நடத்துவதைக் கேலி பேசுகிறவர்களுக்கு மகாத் ஞாபகம் இருக்கட்டும். 1927 மார்ச்சில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்த அம்பேத்கர் மேல் சாதி இந்துக்கள் டிசம்பரில் கேஸ் போட்டுத் தடையுத்தரவு வாங்கினார்கள். அந்த வழக்கில் அம்பேத்கர் பிரதிவாதி. இரண்டாம் முறை குளத்தில் இறங்காமல் அந்தத் தடையுத்தரவுக்குக் கட்டுப்பட்டு, கோர்ட்டிலேயே சண்டை போட்டார். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச்சில் தீர்ப்பு சொன்னது, குளத்தில் தண்ணீர் எடுக்கத் தீண்டப்படாதவர்களைத் தடுக்கமுடியாது என்று. பத்து வருஷம். ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம்.

எல்லா கேஸும் இப்படி முடிவதில்லை. நம் இலக்கணத்தில் ‘தோன்றா எழுவாய்’ என்று ஒன்று உண்டு. வாக்கியத்தில் செய்தவர் பெயர் இருக்காது. ஆனால் யாரென்று கேட்பவருக்குத் தெரியும். ‘கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.’ 1968 டிசம்பர் 25. எரித்தவர்கள் யார்? கீழ்க்கோர்ட்டு சிலரைத் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அவ்வளவு பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்ற தொனியில் அந்தத் தீர்ப்பு போனது. அன்றிலிருந்து அந்த வாக்கியத்துக்கு எழுவாய் தோன்றவே இல்லை. சட்டத்தின் காகிதத்தில் தோன்றவில்லை. தஞ்சாவூர்ச் சேரிகளில் யாரைக் கேட்டாலும் தோன்றும்.

எங்கள் வடமதுரைப் பக்கத்திலும் அப்படி ஒரு வாக்கியம் உண்டு. 2019-இல் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். ஒருவர் மேல் வழக்கு நடந்தது. 2020 செப்டம்பரில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. அதைக் கண்டித்து அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் கடைகள் ஒரு நாள் மூடிக்கிடந்தன. விடுவிக்கப்பட்டவர்தான் செய்தார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் இல்லையென்றால், அன்றைய தேதிக்கு அந்தக் குழந்தையின் சாவுக்கு எழுவாயே இல்லாமல் போயிற்று. ‘விடுதலை’ என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாம் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சொல்.

வடமதுரை என்று எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததைப்போல, பழைய பக்திப் பாட்டுகளில் வடமதுரை என்று வருவது வடக்கே இருக்கிற கண்ணனின் மதுராவை. அந்தப் பெயரில் ஒரு பழங்குடிப் பெண் இருந்தாள், மகாராஷ்டிரத்தில். 1972-இல் காவல் நிலையத்துக்குள்ளேயே அவளைப் போலீஸ்காரர்கள் சீரழித்தார்கள். 1978-இல் உச்சநீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. உடம்பில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று. நாடே கொதித்து, 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உலகம் அதை ‘மதுரா கேஸ்’ என்கிறது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், தலைப்பு ‘துக்காராம் எதிர் மகாராஷ்டிர மாநிலம்’. துக்காராம் குற்றம்சாட்டப்பட்ட போலீஸ்காரர். ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசாங்கத்தின் ‘சாத்தின்’ வேலை பார்த்தவர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-இல் கூட்டாகத் தாக்கப்பட்டார். 1995-இல் கீழ்க்கோர்ட்டு, மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்கமாட்டார்கள் என்கிற ரீதியில் பேசி விடுவித்தது. (தீண்டாமையை ஒரு தற்காப்பு வாதமாக ஏற்றுக்கொண்ட கோர்ட்டு!) அவர் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1997-இல் விசாகா வழிகாட்டுதல் வந்தது. 2013-இல் பணியிடப் பாலியல் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஐ.டி. கம்பெனியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. பன்வாரிக்கு அவர் கேட்ட நீதி அந்தச் சட்டங்களோடு வரவில்லை. கேஸ் ஜெயித்தது, மனுஷி ஜெயிக்கவில்லை.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? ஒருத்தியின் விழுதல் மற்றவர்களுக்குப் படிக்கட்டாவது நியாயமா? நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் படிக்கட்டில் ஏறமாட்டேன் என்று சொல்லவும் என்னால் முடியாது. அவர்கள் எங்கே விழுந்தார்கள், யார் தள்ளினார்கள் என்று சொல்லிக்கொண்டே ஏறலாம். அது ஒன்றுதான் தெரிகிறது.

நம்ம ஆட்களிடமும் ஒரு கேஸ் இருக்கிறது. கேஸ் ஸ்டடி. தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, ரெக்கார்டு செய்துகொண்டு போய், ‘கேஸ் ஸ்டடி எண் ஏழு’ என்று அச்சடிக்கிறார்கள். பெயரை மாற்றிவிடுவார்கள், அது மரியாதை. ஆனால் வாக்கியத்தையும் மாற்றிவிடுகிறார்கள். ஸ்டேஷன் ரைட்டர் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள், கொஞ்சம் நல்ல காகிதத்தில். ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதே செயப்பாட்டுவினை. சாட்சியங்களை அச்சிடும் நம் பத்திரிகைகளும் இதிலிருந்து தப்பியவை அல்ல. அடிபட்ட பக்கத்தை இரண்டு பத்தி எழுதுகிறோம். அடிபடுவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், என்ன ஆசைப்பட்டார் என்பதை வெட்டிவிடுகிறோம். பக்கம் போதாது என்பது காரணம்.

பெட்டியைத் திறந்து கேஸை வெளியே எடுத்ததும் நம் மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் இங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். போலீஸ் கணக்கில் அது ஒரு கொலை கேஸ். குற்றவாளி ஒருவர், இறந்தவர் ஒருவர், அத்தோடு மூடி வைத்துவிடலாம். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை அப்படி மூட விடவில்லை. ஒருத்தி செத்தது மட்டும் அல்ல, மெஷினுக்கு மெஷின் கெட்ட வார்த்தையும் உரசலும் மிரட்டலும் தினசரி நடப்பு என்று பேசினார்கள். பேசினால் வேலை போகும் என்று தெரிந்தே பேசினார்கள். 2022 ஏப்ரலில் அந்த ஆலை நிறுவனத்தோடும், அதனிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டார்கள். அதே வருஷம் கேப், பிவிஎச் கம்பெனிகளும் சேர்ந்தன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகத் தொழிற்சங்கங்கள் இன்று சொல்வது அதைத்தான். பாலியல் கொடுமை மட்டுமல்ல, சாதிப் பாகுபாடும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நூறு வாய்தாவால் முடியாத ஒன்றை எவளோ ஒருத்தி லைனில் நின்று, ‘சார், அப்படிப் பேசாதீங்க’ என்று சொல்லிச் செய்கிறாள். அவள் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முந்தின ஜனவரியை மட்டும் எந்தக் காகிதத்தாலும் திருப்ப முடியாது.

எட்டாவது வேற்றுமையை விட்டுவிட்டேன். விளி. கூப்பிடுவது. பேரன் வயசுள்ளவனும் பெரியம்மாவை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவான். ஸ்டேஷனில் ‘ஏம்மா’. நூறு நாள் வேலையில் அட்டை நம்பர். திருத்தப்பட்ட சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரை மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறது, ஜாமீன் விசாரணை முதற்கொண்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. அதன்படி ஒரு நாள் அவரைக் கோர்ட்டுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் டவாலி வாசலுக்கு வந்து பெரியம்மாவின் பெயரை அழைத்தார். முழுப் பெயர். முன்னால் ஏய் இல்லை, பின்னால் சாதி இல்லை. கடைசி எழுத்தை நீட்டி மூன்று தடவை. வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், குடத்தைக் கவிழ்த்தவளும்.

பெரியம்மா எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கும் வாய்தாதான்.